தகர வேலியில ஒரு ஓட்டை

வாங்க போதகர் ஐயா, இண்டைக்குத் திங்கக்கிழமை, உங்களுக்கு லீவு தானே. இந்த வாங்கில இருங்க. ஒரு கால் ஆடும், பயப்பிடாதீங்க, உங்களுக்கு முதல் இருந்த ஏழு போதகர்மாரையும் தாங்கின வாங்கு இது. வயசுக்கு நீங்க எனக்குத் தம்பி, வேதத்துக்கு ஐயா. கதைக்கக்குள்ள வாய் தவறித் தம்பி எண்டு வந்தா கோவிக்கப்படாது.

நான் உங்கட கோயில் ஆள் இல்ல, நெத்தியைப் பாத்தாலே தெரியும். பிறந்தது தம்பலகாமம், வயல்காட்டுச் சனம். கலியாணம் கட்டி இந்த ஓர்ஸ் ஹில்லுக்கு வந்து ஐம்பது வருசம். கோணேசர் இருக்கிற சாமிமலையைப் பாத்த பிறகும் இதுக்கு மலை எண்டு பேர் வைக்க வெள்ளைக்காரனால மட்டும்தான் ஏலும். எண்டாலும் நல்ல இடம். துறைமுகப் பக்கத்தால காத்து வரும். காத்தோட சேர்ந்து உங்கட வீட்டுச் சத்தமும் வரும். நான் ஒட்டுக் கேக்கிறவன் இல்ல தம்பி. நடுவில கிடக்கிறது தகர வேலி, அது தானாக் கேட்டு எனக்குச் சொல்லிப்போடும்.

முந்தாநாள் இரவு ஒன்பதரைக்கு விறாந்தையில நடந்து நடந்து பிரசங்கம் பாடமாக்கினீங்க. நீடிய பொறுமை. முதலாவது குறிப்பு முடிஞ்சு ரெண்டாவதுக்குத் திரும்புறதுக்குள்ள உங்கட நடுவிலான் சைக்கிளைக் கொண்டந்து சுவரில சாத்தினான். அது சரிஞ்சு பூச்சட்டி உடைஞ்சுது. அதுக்குப் பிறகு நீங்க சொன்னதை நான் திருப்பிச் சொல்லமாட்டன், இண்டைக்குத் திங்கள் விரதம். மூண்டு நிமிசம் இருக்கும். பிறகு தொண்டையைச் செருமிப்போட்டு, "இரண்டாவதாக, அன்பானவர்களே" எண்டு விட்ட இடத்தில இருந்து துவங்கினீங்க பாருங்க, அதுதான் திறமை! எனக்கெண்டா மறந்து போயிருக்கும். அடுத்த நாள் சனம் கண்ணைத் துடைச்சதாம். நடுவிலான் மட்டும் துடைக்கல்லயாம். அவன் ஒத்திகையையும் பாத்தவனெல்லே.

அதால தம்பி, பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் வாற கிழமை, வெள்ளிக்கிழமையே பூச்சட்டி எல்லாத்தையும் உள்ளுக்கு எடுத்து வைச்சிடுங்க.

மற்றது கடைக்குட்டிட விசயம். பாண் வாங்கக் குடுத்த காசில ஐஸ்பழம் குடிச்சுப்போட்டு, காசு விழுந்துட்டு எண்டு பொய் சொன்னான், பிறகு அழுது உண்மையைச் சொன்னான். அது வீட்டோட முடிஞ்ச கதை. நீங்க அதை மேடையில ஏத்தி, மனந்திரும்புதலுக்கு உதாரணமாச் சொல்லிப் போட்டீங்க. சபையார் உருகிப் போச்சினமாம். இப்ப இந்த ஒழுங்கைப் பொடியன்மார் அவனுக்கு வச்சிருக்கிற பேர் தெரியுமோ? ஐஸ்பழம். பதிமூண்டு வயசு, தொண்டை உடையிற காலம், மீசை வருதா எண்டு என்ட சேவ் பண்ணுற கண்ணாடியில பாத்துக்கொண்டு நிக்கிறவன். அவனை றோட்டில "டேய் ஐஸ்பழம்" எண்டு கூப்பிட்டா எப்பிடியிருக்கும்?

உங்கட இயேசுநாதர் கெட்டகுமாரன்ட கதை சொன்னவர் தானே. பண்டி மேச்சதைச் சொன்னவர், காசழிச்சதைச் சொன்னவர், எல்லாம் சொன்னவர். அந்தப் பொடியன்ட பேரைச் சொன்னவரோ? ரெண்டாயிரம் வருசமா ஆர் வீட்டுப் பொடியன் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அப்பிடிச் சொல்லத் தெரியாட்டி, ஒரு உதாரணத்துக்கு நூறு ரூபா எண்டு பிள்ளைட கையில குடுத்துப்போட்டு மேடைக்கு ஏறுங்க. மூண்டு பிள்ளைகள் இருக்கு, மாசத்தில நாலு ஞாயிறு. காசு போற கணக்கைப் பாத்தீங்க எண்டா உதாரணம் தானாக் குறையும்.

சாப்பாட்டு மேசைக் கதைக்கு வாறன். போன மாசம் ஒரு ஞாயிறு நான் சும்மா எட்டிப் பாத்தனான், நீங்க பிடிச்சு இருத்திப் போட்டீங்க. இருந்த கையோட சபையில இருந்து ஒரு புருசனும் மனிசியும் வந்து இறங்கினாங்க. மேசையில சோறு, பருப்பு, முருங்கைக்காய்ப் பால்கறி, அப்பளம். நடுவில ஒரு கோப்பையில பாரைமீன் குழம்பு. நான் எண்ணிப் பாத்தன், அஞ்சு துண்டு. உங்கட வீட்டில அஞ்சு பேர். போதகரம்மா மெல்லமா ஒருக்கா இருமினா. உடன மூத்தவள், "எனக்கு மீன் வேணாம், வயிறு சரியில்ல" எண்டாள். நடுவிலான், "எனக்குப் பருப்புக் காணும்" எண்டான். கடைக்குட்டி மீனைப் பாத்தான், தாயைப் பாத்தான், பிறகு என்ட காதுக்குள்ள வந்து, "அம்மாக்கு ஆக்கள் வந்தா மட்டும்தான் தாத்தா இருமல் வரும்" எண்டான்.

எனக்கு விளங்கிட்டு. விளங்கிப் போட்டுத்தான் ரெண்டு துண்டு தின்டன். பாரை எண்டா எனக்கு உயிர், பொய் சொல்லிப் பிரயோசனமில்ல. ஆனா அண்டைக்கு இரவு நித்திரை வரல்ல. விருந்தோம்பல் நல்லது, ஆர் இல்லயெண்டது. உங்கட பேரில நீங்க விருந்தோம்புறீங்க, மீன் மட்டும் பிள்ளைகள்ட பங்கில இருந்து போகுது. இனி ஆக்கள் வந்தா, அது நானா இருந்தாலும் சரி, ரெண்டு முட்டையைப் பொரிச்சு வந்த ஆக்களுக்கு வைங்க. மீனைப் பிள்ளைகளுக்குப் போடுங்க. மேல இருந்து கணக்கெழுதிறவருக்கு முட்டையும் தெரியும்.

உங்கட சபையாரைப் பற்றி நான் ஒண்டும் சொல்லப்படாது. எண்டாலும் சொல்லுறன். மூத்தவள் ரியூசன் முடிஞ்சு வரக்குள்ள கேற்றடியில ஒரு பொடியனோட அஞ்சு நிமிசம் நிண்டு கதைச்சாள். அவள் செருப்பைக் கழட்டி உள்ளுக்கு வர முதல் உங்கட போனுக்கு மூண்டு பேர் எடுத்துப்போட்டாங்க. அவங்க கதைச்சது கெமிஸ்ட்ரி நோட்ஸ். எனக்கு எப்பிடித் தெரியுமோ? தகரம். ஏ.எல் படிக்கிற பிள்ளை வேற என்னத்தைக் கதைக்கும், அவளுக்குக் காதலிக்க எங்க நேரம்? ஞாயிறு காலம எட்டு மணிக்கு ரெஸ்ட் வைக்கிறார் மாஸ்டர், அதே எட்டு மணிக்குக் கீபோர்டில இருக்கச் சொல்லுறார் அப்பா.

சபையாருக்கு ஒரு வசனம் மட்டும் நல்லாப் பாடம். தீமோத்தேயுவுக்கு எழுதின முதலாம் நிருபம், மூண்டாம் அதிகாரம், தன்ட வீட்டை நடத்தத் தெரியாதவன் சபையை எப்பிடி நடத்துவான் எண்டு வாற இடம். ஏலிட மக்களையும் இழுப்பாங்க. சாமுவேல்ட மக்களும் கைலஞ்சம் வாங்கினாங்க எண்டு அதே புத்தகத்தில கிடக்கு, அதை ஒருத்தரும் வாசிக்கிறேல்ல. அதுக்காக நீங்களும் சுத்தமில்ல தம்பி. எபேசியர் ஆறாம் அதிகாரத்தில முதலாவது வசனம் பிள்ளைகளுக்கு, பெத்தவங்கட சொல்லைக் கேக்கச் சொல்லி. நாலாவது வசனம் தகப்பன்மாருக்கு, பிள்ளைகளைக் கோபப்படுத்த வேணாம் எண்டு. ஏழு போதகர்மாரும் வீட்டு ஜெபத்தில மூண்டாவது வசனத்தோட புத்தகத்தை மூடினதை நான் வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டிருக்கிறன். நீங்க எட்டாவது. போன புதன்கிழமையும் மூண்டோட நிப்பாட்டினீங்க.

சைவக் கிழவனுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும் எண்டு பாக்கிறீங்க. என்ட மனிசி மெதடிஸ்த பெண்கள் கல்லூரியில படிச்சவ. திருநீற்றோட போய் வேதபாடத்தில பரிசெடுத்துக்கொண்டு வந்தவ. ஜோன் வெஸ்லியைப் பெத்த சூசன்னா அம்மாவைப் பற்றித் தன்ட மாமியைப் போலக் கதைப்பா. மாமியைவிட நல்லாக் கதைப்பா. அந்த அம்மாவும் ஒரு போதகர்ட மகள்தானாம், இருபத்தஞ்சு பிள்ளைகளில கடைசி. கட்டினதும் போதகரை. பெத்தது பத்தொன்பது, தங்கினது பத்து. அவ்வளவு பிள்ளைகளுக்குள்ளயும் கிழமையில ஒரு பொழுது எண்டு ஒவ்வொண்டையும் தனியாக் கூப்பிட்டு இருத்திக் கதைப்பாவாம். ஜோனுக்கு வியாழன் பின்னேரம். அவர் வளந்து, ஒக்ஸ்போர்ட்டில படிப்பிக்கிற ஆளா வந்த பிறகும், அந்த வியாழக்கிழமை இப்பவும் வேணும் எண்டு தாய்க்குக் கடிதம் எழுதினவர்.

உங்கட டயறியை ஒருக்கா எடுங்க பாப்பம். வியாழன் பின்னேரம் என்ன கிடக்கு? வீடு சந்திப்பு. ஊரில உள்ள எல்லா வீடும் இருக்கு. இந்த வீட்டைத் தவிர.

அந்தக் குடும்பத்தில தகப்பன் சாமுவேலும் லேசுப்பட்ட ஆளில்ல. அரசருக்காக ஜெபம் பண்ணக்குள்ள மனிசி ஆமேன் சொல்லல்ல எண்டு கோவிச்சு, வீட்டை விட்டுப் போய் மாசக்கணக்கா இருந்தவர். திரும்பி வந்த பிறகுதான், 1703இல ஜோன் பிறந்தது. சிரிக்கிறீங்க. இதையும் கேளுங்க. மகள் ஒருத்தி, மெஹெற்றபெல், வீட்டில ஹெற்றி. நல்லாக் கவி எழுதுவா. 1725இல ஒருத்தனை நம்பிப் போய், அவன் கைவிட்டுத் திரும்பி வந்தா. தகப்பன் அவசரம் அவசரமா ஈயக்குழாய் வேலை செய்யிற ஒருத்தனுக்குக் கட்டி வச்சார். அதுக்குப் பிறகும் அவர் மகளுக்கு மனமிரங்கல்ல. ஜோன் போய் இரக்கத்தைப் பற்றித் தகப்பன் கேக்கத்தக்கதா ஒரு பிரசங்கமே செய்து பாத்தவராம். அதுவும் சரிவரல்ல. இந்த இடம் வந்தா என்ட மனிசி கதையை நிப்பாட்டிப்போட்டு அடுப்படிக்குப் போயிருவா.

அவ போய் ஆறு வருசம். சரி, தேத்தண்ணியைக் குடியுங்க, ஆறப்போகுது.

கோட்டைப் பக்கம் எஸ்பிளனேட் சவக்காலைக்குப் போயிருக்கிறீங்களோ? மான்கள் றோட்டுக்கு வந்து குப்பை கிண்டுற பக்கம். நான் ஓட்டோ ஓடின காலத்தில எத்தனையோ வெள்ளைக்காரச் சனத்தை அங்க கூட்டிக்கொண்டு போனனான். ஒரு கல்லறைக்கு முன்னால போய் நிப்பாங்க, படம் எடுப்பாங்க, சில பொம்பிளைகள் கண்ணும் கலங்குவாங்க. சார்ள்ஸ் ஒஸ்டின் எண்டு பேர். கடற்படையில பெரிய பதவி. 1852இல பர்மாவில ஐராவதி ஆத்தில கப்பலில கிடந்து வாந்திபேதியில செத்து, இஞ்ச கொண்டந்து தாட்டது. நான் நினைச்சன் பெரிய சண்டைக்காரனாக்கும், அதுதான் சனம் வருகுது எண்டு. என்ட பேத்தி ஆங்கில இலக்கியம் படிச்சவ, அவதான் தலையில குட்டினா. "அம்மப்பா, சனம் வாறது அந்த ஆளுக்காக இல்ல, அவர்ட அக்காக்காக."

அக்காதான் ஜேன் ஒஸ்டின். உலகம் முழுக்க வாசிக்கிற நாவல்காரி. இங்கிலாந்தில ஸ்டீவன்டன் எண்ட ஊர்ப் போதகர் ஜோர்ஜ் ஒஸ்டின், அவருக்கு எட்டுப் பிள்ளைகள், ஆறு ஆண், ரெண்டு பெண். ஜேன் ஏழாவது, இஞ்ச படுத்திருக்கிற சார்ள்ஸ் எட்டாவது. சம்பளம் காணாமல் அந்தப் போதகர் வயல் செய்தவர், வீட்டில வேற பொடியன்மாரையும் தங்க வச்சுப் படிப்பிச்சவர். நினைச்சுப் பாருங்க, வீடு நிறைய வளந்த பொடியன்மார்! போதாததுக்குக் களஞ்சியக் கொட்டிலில நாடகம் போடுவாங்களாம். போதகர் வீட்டு வளவுக்குள்ள நாடகம். உங்கட சபையார் இருந்திருந்தா மனு எழுதியிருப்பாங்க.

உள்ள பகிடி இனித்தான். கோயிலில கலியாணப் பதிவுப் புத்தகம் இருக்கெல்லே, அதில முன்பக்கத்தில எப்பிடி நிரப்புறது எண்டு மாதிரிப் படிவம் கிடக்கும். குமர்ப்பிள்ளையா இருக்கக்குள்ள ஜேன் அந்தப் புத்தகத்தை எடுத்து, தன்ட பேரைப் பொம்பிளையாப் போட்டு, மூண்டு மாப்பிள்ளைமாரை எழுதிப்போட்டா. ஒருத்தன் லண்டன்காரன், ஹென்றி பிரெட்ரிக் ஹவார்ட் பிற்ஸ்வில்லியம் எண்டு மூச்சு முட்டுற பேர். அடுத்தவன் லிவர்பூல்காரன், அவனுக்கும் முழநீளப் பேர். மூண்டாவதுக்கு வரக்குள்ள களைச்சுப் போனா போல, வெறும் ஜாக் சிமித். தகப்பன்ட உத்தியோகப் புத்தகத்தில! உங்கட மூத்தவள் இப்பிடிச் செய்தா என்ன செய்வீங்க? சொல்ல வேணாம், தகரம் சொல்லும்.

அந்தப் பக்கத்தை ஆரும் கிழிக்கல்ல. இண்டைக்கும் அந்த மாவட்ட ஆவணக் காப்பகத்தில பத்திரமாக் கிடக்காம். அதோட அந்த மனிசன் மகளுக்கு எழுதக் கொப்பி வாங்கிக் குடுத்தவர். அப்பா தந்தது எண்டு ஒரு கொப்பியில அவவே லத்தீனில எழுதி வச்சிருக்கிறா. அதுக்குள்ளதான் பதினஞ்சு வயசில இங்கிலாந்து ராசாக்கள்ட சரித்திரத்தைப் பகிடி பண்ணி எழுதினது. பிறகு பெரிய நாவல் எழுதக்குள்ள, மிஸ்டர் கொலின்ஸ் எண்டு ஒரு போதகரைப் படைச்சா. பெரிய இடத்து அம்மாவைக் கண்டா வளைஞ்சு குனியிறதும், ஊருக்கெல்லாம் புத்தி சொல்லுறதும்தான் அந்த ஆள்ட சோலி. பேத்தி வாசிச்சுக் காட்டக்குள்ள நான் சிரிச்ச சிரிப்பில பல்செட் விழுந்துட்டு. மூண்டு மாப்பிள்ளை எழுதின பிள்ளை கடைசிவரைக்கும் ஒருத்தனையும் கட்டல்ல.

அதால சொல்லுறன், உங்கட மூத்தவள் பிரசங்கநேரம் கீபோர்டுக்குப் பின்னால இருந்து என்னமோ கிறுக்கிறாள் எண்டு நீங்க வாங்கிக் கிழிச்சீங்களாம். கிழிக்கப்படாது தம்பி. அவள் உங்களைத்தான் கவனிக்கிறாள். நீங்க கையை உயத்துற விதம், "கடைசியாக" எண்டு சொல்லிப்போட்டு இன்னும் இருபது நிமிசம் பேசுற விதம், எல்லாம் எனக்கு நடிச்சுக் காட்டினவள். அச்சொட்டா நீங்கதான். ஒரு நல்ல மட்டைக் கொப்பி, இருநூறு பக்கம், வாங்கிக் குடுங்க. உள்ளுக்கு என்ன கிடக்கு எண்டு பாக்க வேணாம். பாத்தா உங்களுக்குத்தான் வயித்தெரிச்சல்.

தம்பிக்காரன் சார்ள்ஸ் பன்ரெண்டு வயசில கடற்படைப் பள்ளிக்கூடத்துக்குப் போனவன். 1801இல எதிரிக் கப்பல் பிடிச்ச பங்குக் காசு முப்பது பவுண் கிடைச்ச உடன, ரெண்டு அக்காமாருக்கும் தங்கச் சங்கிலியும் புஷ்பராகச் சிலுவையும் வாங்கினான். போதகர் வீட்டுப் பிள்ளை, கப்பலுக்குப் போயும் சிலுவைதான் வாங்கியிருக்கு. நீங்க ஒண்டும் மேசையில அடிச்சுச் சொல்லத் தேவையில்ல, உள்ள போனது எங்கயோ கிடக்கும்.

போனைப் பற்றிக் கேட்டீங்க. இரவு பத்துக்கு மேல வைஃபையை நிப்பாட்டுறீங்க, நல்லது. ஆனா பாஸ்வேர்ட் யோவான்316 எண்டு வச்சிருக்கிறீங்களே, அதை உலகத்துக்கே தெரியும். எனக்கும் தெரியும். ஆறு மாசமா நான் அதிலதான் பழைய எம்.ஜி.ஆர் படம் பாக்கிறன். மாத்துறதெண்டா லேவியராகமத்தில இருந்து ஒரு வசனம் வைங்க, ஒருத்தரும் கண்டுபிடியாங்க. மாத்தின உடன எனக்கு மட்டும் சொல்லிப்போடுங்க.

உங்களுக்கும் இன்னும் ரெண்டு மூண்டு வருசத்தில மாற்றம் வரும். வந்த எல்லாருக்கும் வந்தது. பெரியாக்களுக்கு அது கடிதம், லொறி, சாமான் கட்டுறது. பிள்ளைகளுக்கு நட்ட மரம் காய்க்க முதல் போறது. உங்கட கிணத்தடியில நிக்கிற மாமரம், மூண்டாவதா வந்த போதகர்ட மகள் கொட்டை போட்டு முளைச்சது. அவ ஒரு காய் தின்னல்ல. அதுக்குப் பிறகு வந்த பிள்ளைகள் எல்லாம் தின்டது, இனி வாறதும் தின்னும்.

அந்த மரத்தடியில தகரத்துக்குக் கீழால ஒரு ஓட்டை கிடக்கே, நாய் போட்டது எண்டு நினைச்சுக் கல்லு வச்சு அடைச்சீங்க. நாய் இல்ல. நான் வெட்டினது, அந்தப் பொம்பிளைப் பிள்ளைட காலத்தில. அதுக்குப் பிறகு எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அதாலதான் இந்தப் பக்கம் வந்தது. வந்து இதே வாங்கில படுத்துக் கிடக்கும், கிரிக்கெட் பாக்கும், தேவையில்லாத சொல்லெல்லாம் சொல்லிப் பாக்கும், பசிச்சாக் கேட்டுத் தின்னும். நீங்க வச்ச கல்லையும் நான் அண்டைக்கே எடுத்துப்போட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்க. நேற்றுக் கோயில் முடிஞ்ச கையோட நடுவிலான் வந்தவன், ஒரு மணித்தியாலம் ஒண்டும் பேசாமல் இருந்தவன்.

போகக்குள்ள அந்தப் படியடியில கிடக்கிற புதுப் பூச்சட்டியை எடுத்துக்கொண்டு போங்க. சந்தையில நான் வாங்கினது, காசு அவன்ட. ஆயிரம் ரூபாத் தாள் ஒண்டு மடிச்சுத் தந்தவன், சட்டி எண்ணூற்றம்பது. மிச்சம் நூற்றம்பது என்னட்ட கிடக்கு, பின்னேரம் அவனை வந்து வாங்கச் சொல்லுங்க.